காலையில எடுத்த சிரிப்பு

ஆமாம்மா, நானேதான். நீ திரும்பித் திரும்பிப் பாத்தப்பவே தெரிஞ்சிக்கினேன். வாயத் தொறந்து, தலைய பின்னால சாச்சி, கண்ணத் தொடச்சிக்கினே சிரிக்கிற பொம்பள. உன் ஃபோன்லகூட இருப்பேன். ஸ்டிக்கர்னு சொல்றாங்களே, யாராச்சும் என்னமோ அனுப்புனா பதிலுக்கு என் மூஞ்ச அனுப்புறாங்களாம். காட்டாத, வேணாம். நான் பாத்திருக்கேன்.

போட்டோவா? எடுத்துக்கலாம். இப்ப வேணாம், பஸ்ஸு ஆட்டுது. பூந்தமல்லில கொஞ்ச நேரம் நிப்பான், அங்க எடுத்துக்கலாம். நீயும் அங்கதான எறங்கற? சரி, அப்ப நேரம் இருக்குது. இந்தப் பை உனக்கு இடிக்குதா? இரு, மடில வச்சுக்கறேன். ஒண்ணும் இல்ல, ஒரு சேல. மோனிக்கு எடுத்தது. என் பொண்ணு மோனிஷா.

எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். நெஜமாவே உங்களுக்கு அவ்ளோ சிரிப்பு வருமாக்கான்னு. வருதுன்னு சொல்லிடுவேன். கேக்கறவங்களுக்கு அதான் புடிக்குது. உங்கிட்ட உள்ளத சொல்றேன். காமெடி பண்றவங்க செட்டுக்கு வர்றதே மத்தியானத்துக்கு மேலதான். நாங்க காலையிலயே போயி உக்காந்துருவோம். மேடையில ஒரு ஈ காக்கா இருக்காது. பெருக்கறவன் தொடப்பத்தோட நிப்பான். அப்பவே எங்க சிரிப்ப எடுத்துருவாங்க.

ரிச்சர்டுன்னு ஒரு ஃப்ளோர் மேனேஜர், காதுல மைக்க மாட்டிக்கினு முன்னால வந்து நிப்பாரு. "அம்மாங்களா, மொதல்ல சின்ன சிரிப்பு"ம்பாரு. சிரிப்போம். "இப்ப கொஞ்சம் பெருசா." "இப்ப கைதட்டல்." "வாய் மேல கை வச்சி ஆச்சரியம்." "இப்ப கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு. பூங்காக்கா, நீங்க ஆரம்பிங்க." என் பேரு பூங்காவனம். அங்க எல்லாருக்கும் பூங்காக்கா. நான் ஆரம்பிச்சாத்தான் மத்த பொம்பளைங்களுக்கு வரும். அவரு கையத் தூக்குனா சிரிக்கணும், எறக்குனா நிறுத்தணும். அவ்ளோதான் வேல. அப்புறமா யாரோ மேடையில என்னமோ சொல்றப்ப, இந்தச் சிரிப்ப எடுத்து நடுவுல ஒட்டிருவாங்க. ரியாக்ஷன்னு பேரு அதுக்கு.

அதனால நீ டிவில பாக்கறது காலையில எடுத்த சிரிப்பு. இத மட்டும் ஞாபகம் வச்சுக்க. இத நான் எத்தினி பேருகிட்ட சொல்லிட்டேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. பெத்த பொண்ணே நம்பல, ஊருல இருக்கறவங்க எங்க நம்பப் போறாங்க.

அழுகையும் குடுப்பேன். பாட்டுப் போட்டில ஒரு புள்ள எங்கப்பா இல்லன்னு சொல்லும், ஒரு பொம்பள முந்தானையால கண்ணத் தொடைப்பா பாரு, அதுவும் நான்தான். புதுசா வர்றவங்க என்னா பண்ணுவாங்க, சோகமா எதையாச்சும் நினைச்சி அழப் பாப்பாங்க. அப்படி நினைக்கவே கூடாது. நினைச்சா மூஞ்சி கோணிரும். கேமராவுக்கு ஆகாது. மனச சும்மா வச்சுக்கினு, லைட்டப் பாத்துக்கினு, கண்ணு கொட்டாம இருந்தா தண்ணி தானா எறங்கும். எனக்கு இப்ப பழகிப் போச்சி. வீட்லகூட மனசு சும்மாத்தான் இருக்குது.

இப்பக்கூட பாரு, நான் எங்கேருந்து வர்றேன் தெரியுமா? மகளிர் ஸ்டேஷன்லேருந்து. நீ ஏன் பதறுற? எனக்கே ஒண்ணும் இல்ல. என் பொண்ணு அவ புருஷன் மேல எழுதிக் குடுத்திருக்கா. அம்மான்னு என்ன வரச் சொன்னாங்க, போனேன், வந்துட்டேன். கூட்டினு வரலாம்னுதான் போனேன். வரல. அதான் சேல பையிலயே இருக்குது.

மொதல்லேருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும். என் வீட்டுக்காரரு சாவும்போது மோனி மூணாங்கிளாஸு. எங்க தெருவுல ஒரு அக்கா, வா, சும்மா உக்காந்து கைதட்டுனா போதும், சாப்பாடு போடுவாங்கன்னு கூட்டினு போச்சி. சனி ஞாயிறுன்னா மோனியையும் இட்டுக்கினு போவேன். சின்னப் புள்ளைங்கள கேமரா முன்னால உக்கார வைக்க மாட்டாங்க. செட்டுக்குப் பின்னால, பலகை முட்டுக் குடுத்து நிக்க வச்சிருப்பாங்க பாரு, அங்க ஒரு சாக்க விரிச்சி உக்கார வச்சிருவேன். முன்பக்கம் அரமண மாதிரி இருக்கும், பின்பக்கம் ஆணிதான் நீட்டிக்கினு இருக்கும். அங்க உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கியாந்து குடுத்தா, அவ கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். "எப்பம்மா பேக்கப்பு?"

பேக்கப்னா தெரியும்ல? அன்னிக்கு வேல முடிஞ்சிது, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்னு அர்த்தம். ரிச்சர்டு கத்துவாரு. அத அவரு சொல்ற வரைக்கும் ஒரு ஆளு எந்திரிக்கக் கூடாது. சொன்னதும் மோனி பலகைக்குப் பின்னாலேருந்து ஓடியாருவா. காலையில எங்களுக்கு ஆளுக்கொரு முழம் மல்லி குடுப்பாங்க, கேமராவுல பளிச்சுன்னு தெரியணும்னு. சாயங்காலத்துக்குள்ள அது கருத்துச் சுருங்கிப் போயிரும். அந்த வாடுன பூவ என் தலையிலேருந்து எடுத்து மோனி வச்சுக்குவா. பஸ்ஸு ஜன்னல்ல சாஞ்சி தூங்கிக்கினே வருவா.

அந்த ஷூட்டிங் பேச்சு அப்படியே எங்க தெருவுக்கும் வந்துருச்சி. நாங்க இருக்கறது சாலிகிராமம் பின்னால. பாதி தெரு ஷூட்டிங்குக்குப் போற தெரு. லைட்டு தூக்கறவன், சமையல் வேலைக்குப் போறவன், எங்கள மாதிரி கைதட்டப் போறவங்க. தோசக்காரம்மாகிட்ட, ஷாட்ட மறுபடி எடுக்கச் சொல்ற மாதிரி ஒன் மோர்னு சொன்னாத்தான் இன்னொரு தோச போடும். குழாயில தண்ணி நின்னுச்சின்னா பேக்கப். புள்ள கீழ வுழுந்து அழுதா, ரியாக்ஷன் பத்தலடான்னு சொல்லிக்கினே தூக்குவாங்க. எதுத்த வீட்டுப் பெரியவரு போனப்ப, பறையடிக்கறவன் வர்றதுக்கு முன்னாலயே ஒருத்தன் சொல்றான், தாத்தா பேக்கப்பான்னு. அவரு மகன் திட்டல. அவனுக்கும் சிரிப்பு வந்துருச்சி. நாங்க அப்படித்தான் பேசுவோம். அதுல தப்பா ஒண்ணும் இல்ல. பேசிப் பேசி அந்த வார்த்தைக்கு ஒரு கனம் இல்லாமப் போச்சி, வேற ஒண்ணும் இல்ல.

மோனிக்குத் தையில கல்யாணம். மாப்ள பேரு டில்லிபாபு. கம்பெனில சூப்பர்வைசரு, சொந்த வீடு, மாமியா மட்டுந்தான். நல்ல எடம்னு எல்லாரும் சொன்னாங்க. மோனி ஒரகடத்துல வேலைக்குப் போயிக்கினு இருந்தா, கல்யாணத்தோட நிறுத்திட்டாங்க. மாசி கடைசியிலேருந்து ஃபோன் வர ஆரம்பிச்சிது. மொதல்ல மாமியா சோறு போட்டுக்க வுடல, கடைசியா சாப்புடணும்னு சொல்றாங்கன்னா. புதுசுல அப்படித்தான்டின்னேன். அப்புறம் அவரு பேச மாட்டேங்கறாருன்னா. ஆம்பளைங்க அப்படித்தான்டின்னேன். அப்புறம் ஒரு நாளு கொரலே வேற மாதிரி இருந்துச்சி. மெதுவா சொல்றா, "அம்மா, எனக்குப் பேக்கப் சொல்லும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சி. நீயே சொல்லு, கல்யாணம் ஆயிப்போன பொண்ணு, அந்தச் சாக்கு மேல உக்காந்த புள்ள மாதிரி பேக்கப் கேக்குதே. சீன் போடாதடி, போயி வேலையப் பாருன்னேன். அவளும் சிரிச்சா மாதிரிதான் இருந்துச்சி. ஃபோன்ல சிரிப்பும் அழுகையும் ஒரே மாதிரிதான் கேக்குது, அதுக்கு நான் என்னா பண்றது.

சித்திரையில ஒரு தடவ போயிப் பாத்தேன். பாக்கலன்னு சொல்லாத. காபி குடுத்தாங்க. மோனி மணிக்கட்டு வீங்கி இருந்துச்சி. கண்ணாடி வளையல் இறுக்கமாப் போட்டுக்கினு இருக்கா, பெரிய சைஸு வாங்கிக்கடின்னு சொல்லிட்டு வந்தேன். வாசல் வரைக்கும் வந்தா. மாமியா பக்கத்துல நின்னுக்கினு இருந்துச்சி, அதனால அவ ஒண்ணும் பேசல. நான் பஸ்ஸு புடிக்கணும்னு கெளம்பிட்டேன்.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாளு செட்டுல சாப்பாட்டு நேரம். நாங்க பொம்பளைங்க வட்டமா உக்காந்து லெமன் சாதம் தின்னுக்கினு இருக்கோம். கோதண்டம்னு ஒருத்தரு, காமெடி எழுதறவரு. பெரிய மனுஷன்னு பாக்காம எங்ககூட உக்காந்துதான் சாப்புடுவாரு. எங்க பேச்சக் கேக்கத்தான் உக்காருவாருன்னு இப்பத் தோணுது. நான் சும்மா இருக்காம, மோனி ஃபோன்ல சொன்னதச் சொன்னேன். அவ கொரல்லயே சொல்லிக் காட்டுனேன். எல்லாருக்கும் சிரிப்புன்னா சிரிப்பு. கோதண்டத்துக்குப் பொரையேறிப் போச்சி. தண்ணி குடிச்சிட்டு, "யக்கா, செம லைனுக்கா. இத நான் வச்சுக்கட்டுமா?"ன்னாரு. வச்சுக்கோங்க சார், இதுல என்னா இருக்குதுன்னேன். பெருமையாத்தான் இருந்துச்சி. இத்தினி வருஷம் அங்க போறேன், நான் சொன்னத ஒருத்தரு வேணும்னு கேட்டது அன்னிக்குத்தான்.

அப்புறம் ஆனி முடிஞ்சிது. ஆடிக்குப் புதுப்பொண்ணக் கூட்டினு வரணும்ல? தாய் வீட்லேருந்து போயி அழைக்கணும். நாம போயி அழைக்காம அவங்களா அனுப்ப மாட்டாங்க, அது மொறை. மோனிக்கும் தெரியும். ஆடி எப்பம்மா பொறக்குதுன்னு அந்த மாசம் பூரா அதையேதான் கேட்டுக்கினு இருந்தா. சேல எடுத்து வச்சிட்டேன். மொத நாளே போறதாத்தான் இருந்தேன். அன்னிக்குன்னு பாத்து ஷூட்டிங் ஆளுங்க கூப்புடறாங்க, ஆடி ஸ்பெஷலு, பூங்காக்கா கட்டாயம் வேணும், முன் வரிசைன்னு. நான் மோனிக்கு ஃபோன் பண்ணி ஒரு வாரம் பொறுத்துக்கடின்னேன். அவ சரின்னா. சண்டையெல்லாம் போடல. சரின்னு சொல்லிட்டு வச்சிட்டா.

அந்த ஆடி ஸ்பெஷல்லதான் அத நடிச்சாங்க. நீ பாத்திருப்ப. பாக்காதவங்க யாரு இருக்காங்க. ஒருத்தரு பொம்பள வேஷம் கட்டிக்கினு, புதுப் பொண்ணு, தாலி தொப்புள் வரைக்கும் தொங்கும், ஃபோனக் கட்டிப் புடிச்சிக்கினு மேடையில உருண்டு உருண்டு அழுவாரு. "எம்மா, எனக்குப் பேக்கப் சொல்லும்மா!" அவரு அதச் சொல்லி முடிச்சதும் என் மூஞ்சி வரும். தலைய சாச்சி, வாயத் தொறந்து, கண்ணத் தொடச்சிக்கினு. உன் ஃபோன்ல இருக்கற அந்த ஸ்டிக்கரு அதுலேருந்து வெட்டுனதுதான்.

என் வயித்தெரிச்சல் என்னான்னா, அது காலையில எடுத்தது. அதுக்குன்னு நான் சிரிச்சது இல்ல. எடிட்டிங்ல உக்காந்திருக்கறவன் எத வேணா எதுகூட வேணா ஒட்டுவான். அன்னிக்கு வேற யாரு மூஞ்சும் கெடைக்கலியா அவனுக்கு? எங்க வரிசையிலயே எத்தினி பொம்பளைங்க இருந்தாங்க.

நடிக்கறப்பவா? அந்த நேரத்துல நான் என்னா பண்ணேன்னு கேக்கறியா? உக்காந்துதான் இருந்தேன். எந்திரிக்க முடியாதும்மா, கேமரா ஓடிக்கினு இருக்கும். எல்லாரும் சிரிச்சாங்க. ரிச்சர்டு கையத் தூக்கிக்கினுதான் இருந்தாரு. அவரு கையத் தூக்குனா... எனக்கு சரியா ஞாபகம் இல்ல. அன்னிக்கு ரொம்ப நேரம் ஆயிருச்சி, ஏசி வேற ஓடல. அத வுடு.

இரு, அங்க என்னா சிரிப்பு? கேட்டியா, பின்னால ஒருத்தன் எறங்கறதுக்குக் கண்டக்டர்கிட்ட சொல்றான், அண்ணே எனக்குப் பேக்கப் சொல்லுங்கண்ணேன்னு. திருமழிசை வந்துருச்சி போல. பாரு, கண்டக்டரும் அதையே சொல்லிக்கினு விசிலடிக்கிறான். நீயும் சிரிக்கிற. பரவால்ல, சிரி. நல்ல லைன்தான். காலேஜ் புள்ளைங்க சொல்லுதுங்க, ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கறவங்க சொல்றாங்க, அன்னிக்கு மார்க்கெட்ல ஒரு வெண்டைக்கா விக்கறவன் கட மூடறப்ப சொல்றான். அது எம் பொண்ணு சொன்னதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லிக்கறது இல்ல.

ஞாயித்துக்கிழம சாயங்காலம் அத ஒளிபரப்புனாங்க. மோனி வீட்ல எல்லாரும் டிவி முன்னால உக்காந்து பாத்திருக்காங்க. மாமியாளுக்கு என்னத் தெரிஞ்சி போச்சி, ஏய் உங்கம்மாடி, எப்படிச் சிரிக்கிறா பாருன்னு கூப்ட்டுக் காட்டியிருக்கா. அப்புறம் அந்த வீட்ல அதுவே பேச்சாப் போச்சாம், எனக்கே இன்னிக்கு ஸ்டேஷன்லதான் தெரிஞ்சிது. மோனி எதுக்கு வாயத் தொறந்தாலும், டில்லி மூக்க உறிஞ்சிக்கினு, எனக்குப் பேக்கப் சொல்லும்மான்னு சொல்லிக் காட்டுவாராம். வலிக்குதுன்னு சொன்னாலும் அதான். எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னாலும் அதான். அவளுக்குன்னு இருந்த ஒரு பேச்சு, அதச் சொன்னா அவங்களுக்குச் சிரிப்பு வரும்னு ஆயிப்போச்சி.

அந்த ஞாயித்துக்கிழம ராத்திரியே எனக்கு ஃபோன் பண்ணா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "நீ சிரிச்சியாம்மா?" ரியாக்ஷன்டி, உனக்குத் தெரியாததா, காலையில எடுத்ததுடின்னு சொன்னேன். வச்சிட்டா. அதுக்கப்புறம் அவ பண்ணவே இல்ல. நான் பண்ணாலும் எடுக்கல. கோவம், ரெண்டு நாள்ல சரியாயிரும்னு நினைச்சேன். அந்த வாரம் ஷூட்டிங் மேல ஷூட்டிங்கு வேற. கூட்டினு வரப் போகணும் போகணும்னு நாளு ஓடிருச்சி. ஆடி முடியப் போவுது. நேத்து மத்தியானம் ஸ்டேஷன்லேருந்து ஃபோன். யாரும் வந்து அழைக்கலன்னு அவளே கட்டுன சேலையோட நடந்து போயிருக்கா.

இன்னிக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் அம்மா நல்ல மாதிரிதான். டில்லியையும் அவங்கம்மாவையும் ஒரு பக்கம் உக்கார வச்சிருந்தாங்க, மோனிய ஒரு பக்கம். கையில கட்டு. எனக்கு எந்தப் பக்கம் உக்கார்றதுன்னு தெரியல. நடுவுல ஒரு பெஞ்சு இருந்துச்சி, அதுல உக்காந்துட்டேன்.

மோனி பேசுனா பாரு, நான் அவ அப்படிப் பேசி கேட்டதே இல்ல. "எனக்கு அங்க பாதுகாப்பு இல்ல மேடம். அவரு என்ன அடிக்கிறாரு. நான் திரும்பிப் போக மாட்டேன்." ஏதோ நியூஸ் வாசிக்கற மாதிரி. எங்க தெருப் பேச்சு ஒரு வார்த்த இல்ல. பேக்கப்னு சொல்லல. சொல்லியிருந்தா அந்தக் கான்ஸ்டபிள் பொண்ணுகூட சிரிச்சிருக்கும்னு அவளுக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டரம்மா என்னப் பாத்து, "ஏம்மா, பொண்ணு இத்தன மாசமா உங்களுக்கு ஃபோன் பண்ணி சொல்லியிருக்கா. நீங்க என்ன பண்ணீங்க?"ன்னாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள டில்லி எந்திரிச்சி ஃபோன நீட்டுறாரு. "மேடம், இவ எல்லாத்தையும் பெருசு பண்ணுவா. எங்க அத்தையே இத எப்படி எடுத்துக்கினாங்கன்னு நீங்களே பாருங்க." போட்டுக் காட்டிட்டாரு. அந்த வேஷக்காரரு உருண்டு அழுவறாரு, அதுக்கப்புறம் என் மூஞ்சி. அந்தச் சத்தம் ஸ்டேஷன் பூரா கேக்குது. கான்ஸ்டபிள் பொண்ணு பொத்துக்கினு சிரிச்சிட்டு, அப்புறம் வாயப் பொத்திக்கிச்சி.

"இது நீங்கதானே?"

"நான்தான் மேடம். ஆனா அது இதுக்குச் சிரிச்சது இல்ல மேடம். காலையில எடுத்தது."

எனக்குத் தெரிஞ்ச மாதிரி வெளக்குனேன். மேடை காலியா இருக்கும், கையத் தூக்குவாங்க, அப்புறமா ஒட்டுவாங்கன்னு. இப்ப உங்கிட்ட சொன்னேனே, அதே மாதிரிதான். அவங்களுக்கு ஒண்ணும் புரியல. அப்பத்தான் மோனி வாயத் தொறந்தா. என்னப் பாக்கவே இல்ல, அந்த ஃபோனப் பாத்துக்கினே சொல்றா. "மேடம், காலையில எடுக்கறப்ப தலையில பூ வெள்ளையா இருக்கும். எனக்குத் தெரியும். இதுல பூவப் பாருங்க."

இன்ஸ்பெக்டரம்மா மறுபடியும் ஓட வுட்டு, நிறுத்தி, பெருசு பண்ணிப் பாத்தாங்க. கருத்துச் சுருங்கி இருந்துச்சி.

அந்த லைட்டு சூடு உனக்குத் தெரியாதும்மா. அந்தச் சூட்டுல பூ சீக்கிரமே வாடிரும். வச்ச கொஞ்ச நேரத்துலயே வாடிரும். அன்னிக்கு ஏசி ஓடலன்னு சொன்னேன்ல. இத நான் அங்கயும் சொன்னேன். இன்ஸ்பெக்டரம்மா ஃபோன டில்லிகிட்ட திருப்பிக் குடுத்துட்டாங்க.

அழுதிருந்தா நல்லா இருந்திருக்கும்னு இப்பத் தோணுது. அங்க எல்லாரும் என்னத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. எனக்கு அழ வராதா என்னா, ஊருக்கே அழுது குடுக்கறவ நான். டியூப் லைட்டப் பாத்தேன், கண்ணு கொட்டாமப் பாத்தேன். ஒண்ணும் எறங்கல. சின்ன லைட்டு, பத்தல.

அப்புறம் மோனிகிட்ட கேட்டாங்க, இப்போதைக்கு அம்மாகூட போறியாம்மான்னு. நான் பையத் தூக்கிக்கினு எந்திரிச்சி நின்னுட்டேன். அவ அப்பத்தான் என்ன மொத மொதல்ல பாத்தா. கோவமா எல்லாம் பாக்கல. கோவமாப் பாத்திருந்தா ஏதாச்சும் சொல்லியிருப்பேன். "வேணாம் மேடம்"ன்னா. "அவங்களுக்கு நாளைக்கு ஷூட்டிங் இருக்கும்."

இருக்குதுதான். நான் அவகிட்ட சொல்லவே இல்ல, எப்படித் தெரிஞ்சிதுன்னு தெரியல.

ஒரகடத்துல அவகூட வேல செஞ்ச பொண்ணு ஒண்ணு, ஹாஸ்டல்ல தங்கியிருக்குது. அது வந்து கூட்டினு போச்சி. வண்டில பின்னால ஏறி உக்காந்தா. கட்டுப் போட்ட கையால அந்தப் பொண்ணு தோளப் புடிச்சிக்கினா. டில்லியும் அவங்கம்மாவும் ஏதோ கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நான் அந்தப் பெஞ்சிலயே உக்காந்திருந்தேன். பழக்கம் அப்படி. யாராச்சும் சொன்னாத்தான எந்திரிக்கத் தோணும்? ரொம்ப நேரம் கழிச்சி அந்தக் கான்ஸ்டபிள் பொண்ணு வந்து, அதான் முடிஞ்சிருச்சேம்மா, நீங்க கெளம்புங்கன்னுச்சி. அதுக்கப்புறந்தான் வந்து பஸ்ஸு ஏறுனேன்.

வருத்தமா இருக்குதான்னு கேக்கறியா? தெரியலம்மா. சும்மாத்தான் இருக்குது. கால்ல ஊசி போட்டு மரத்துப் போனா, இருக்குதுன்னும் தெரியாது, இல்லன்னும் தெரியாதே, அப்படி இருக்குது. நாளைக்குக் காலையில போயி உக்காந்தா சரியாயிரும். ஒரு முழம் பூ குடுப்பாங்க.

பூந்தமல்லி வந்துருச்சி பாரு. எல்லாரும் எறங்கட்டும், நீ மெதுவா எறங்கு. போட்டோ கேட்டியே, எடுத்துக்க. இல்ல இல்ல, எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல, நீ ஆசையாக் கேட்ட. சும்மா நிக்கவா, இல்ல அந்தச் சிரிப்பு வேணுமா? அந்தச் சிரிப்புதான? எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. இப்படி ஜன்னல் பக்கம் வா. பைய கீழ வச்சுக்கறேன். நீ கையத் தூக்கு, தூக்குனாத்தான் எனக்கு வரும். ம்.

எடுத்துட்டியா? என்னா, அதையே பாத்துக்கினு இருக்கற? இப்படிக் காட்டு.

கோணலா இருக்குதே. இது வேணாம், அழிச்சிரு. லைட்டு சரியில்லம்மா இங்க. கையத் தூக்கு, இன்னொண்ணு எடு.